ஊட்டிக்கு இலையுதிர்காலம் எப்போது வரும், தெரியுமா?

ஆயுதபூஜை லீவுக்கு வந்த கூட்டம் இறங்கிவிட்டது. தீபாவளிக் கூட்டம் இன்னும் ஏறவில்லை. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் கால் போன போக்கில் நடக்க, ஐப்பசியில் இப்படிக் கிடைக்கிற நான்கைந்து நாளுக்கு ஈடே இல்லை. காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு இளவெயில், மத்தியானம் ஒரு தூறல், நாலு மணிக்கெல்லாம் ஸ்வெட்டர். ‘செகண்ட் சீசன்’ என்று ஊட்டிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி இங்கயும் இலையெல்லாம் செவந்து கொட்டுமாண்ணே?”

கொட்டாது! ஏன் கொட்டாது என்று விசாரிக்கப் போனால்தான் அடுக்கடுக்காக ஆச்சரியங்கள் வந்து விழுகின்றன.

முதல் ஆச்சரியம் ஆகாயத்தில் இருக்கிறது. லண்டனில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மணி நேரம். ஊட்டியில் அதே வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம், அவ்வளவுதான்! குளிர்நாட்டு மரங்கள் பகல் சுருங்குவதை வைத்துத்தான் ‘பனிக்காலம் வருகிறது, கடையைக் கட்டு’ என்று முடிவெடுத்து இலையை உதிர்க்கின்றன. ஊட்டி இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே. குளிர் இருக்கிறது; ஆனால் அது பருவத்தால் வந்த குளிர் இல்லை, உயரத்தால் வந்த குளிர். மேட்டுப்பாளையத்தில் வியர்க்க விறுவிறுக்க ஏறி உட்காருகிறோமே, அந்த மலை ரயில் 46 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. அதனால்தான் இந்தக் குளிர் வருஷம் முழுக்க இருக்கிறது. எப்போதும் இருக்கிற குளிரைப் பார்த்து எந்த மரம் பயப்படும்?

இலை உதிர்வதைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும், அதுவும் மாசி பங்குனியில். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ‘இலையுதிர் காடு’ முதுமலையில் இருக்கிறது. அங்கே தேக்கெல்லாம் மொட்டையாக நிற்பது குளிருக்கு அஞ்சி அல்ல, தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி!

மேலே, பூங்காவைச் சுற்றியுள்ள சரிவுகளில் மிச்சமிருக்கிற சோலைக்காடுகளில் விஷயமே தலைகீழ். அங்கே ஒரு மரம் சிவப்பாகத் தெரிந்தால் அது சாகிற இலை இல்லை, பிறக்கிற இலை. மாந்தளிர் நிறம் நமக்குத் தெரியாததா! அதேதான். இளம் இலையில் பச்சையம் ஊறுவதற்கு முன் ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம் நிறைந்துவிடுகிறது. மலை உச்சி வெயிலில் தளிர் பொசுங்காமல் இருக்க அது ஒரு திரை என்று ஒரு கட்சி; ‘இது தின்ன லாயக்கில்லை’ என்று பூச்சிகளை ஏமாற்ற ஒரு வேஷம் என்று இன்னொரு கட்சி. குளிர்நாடுகளில் மேப்பிள் இலை உதிரும்போது சிவப்பதும் இதே சாயத்தால்தான். அங்கே முடிவுக்கு, இங்கே ஆரம்பத்துக்கு.

இப்போது கேட்டைத் தாண்டி உள்ளே வாருங்கள். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் ஏறக்குறைய 22 ஹெக்டேர். நேர் எதிரே வழவழவென்று பெரிய புல்மைதானம், குடும்பம் குடும்பமாக போட்டோ. இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? பூவுக்காக இல்லை, முட்டைக்கோஸுக்காக! 1845-இல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். சந்தா கட்டினால் காய் வீடு தேடி வரும். திட்டம் நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் அந்த ஆசையிலிருந்துதான் ‘பொதுத் தோட்டம் ஒன்று வேண்டும்’ என்ற பேச்சு கிளம்பி, அப்போதைய சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு வரைக்கும் போய், 1848-இல் லண்டன் கியூ பூங்காவில் வேலை பார்த்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் இங்கே வந்து சேர்ந்தார். பாதி காடும் பாதி சேறுமாகக் கிடந்த சரிவை அடுக்கடுக்காக வெட்டி வடிவத்துக்குக் கொண்டுவர அவருக்குச் சுமார் 10 வருஷம் ஆனது. மூன்று ரூபாய்ச் சந்தாக்காரர்கள் தேடிய கேரட்டும் பீட்ரூட்டும் இன்று கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து லாரி லாரியாக இறங்குகின்றன. மார்க்கெட்டில் அவற்றுக்கு இன்னும் ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் பெயர்.

புல்மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினால் ஒரு மரத்தடியில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். பேப்பர்பட்டை மரம். விரலால் லேசாக அழுத்துங்கள், அமுங்கும்! பட்டை ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய ஏடுகள். ஓரம் காற்றில் படபடக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குடும்பம் இது. உரித்துப் பார்க்காதவர்கள் குறைவு; கைக்கு எட்டுகிற உயரம் வரை மரம் வழுக்கையாகிவிட்டது. தயவுசெய்து அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு ஆச்சரியம் தக்கை மரம். பாட்டில் மூடுகிற தக்கை சாட்சாத் இந்த மரத்துப் பட்டைதான். ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும் என்பது பொது விதி. தக்கை மரம் அதற்கு விலக்கு. போர்ச்சுகலில் 9 வருஷத்துக்கு ஒருமுறை அதை உரிக்கிறார்கள். அது பாட்டுக்குப் புதுப்பட்டை போட்டுக்கொண்டு இருநூறு வருஷம் வாழ்கிறது.

“இதுதாங்க்கா குரங்கு ஏறாத மரம்!” என்று கைடு காட்டுவது அரௌகாரியா வகை. முள்ளு முள்ளாக இலை. இந்த வம்சம் இன்று தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் அதன் பக்கத்துத் தீவுகளிலும்தான் இயற்கையாக வளர்கிறது. நடுவில் அத்தனை பெரிய கடல்! எப்படி? அந்தக் கண்டங்களும் நம் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த கோண்டுவானா காலத்து வம்சம் அது. இப்போது ஊட்டிக்குக் கப்பலில் வந்ததை நீண்ட நாள் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்ததாகக்கூட வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பக்கத்தில் கிடக்கிற கல்மரம் சின்னப்பிள்ளை. அதற்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. தொட்டால் கல், பார்த்தால் மரம்! மண்ணுக்குள் புதைந்த மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து, மரம் மக்க மக்க அந்த இடத்தைக் கல்லே பிடித்துக்கொண்டது. அதனால்தான் நார் ஓட்டம் வரை அச்சு அசலாகத் தெரிகிறது.

இத்தாலியன் தோட்டத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கத்தரித்த வேலிகளும் கணக்கு மாறாத பாத்திகளும் இருக்கிற பகுதி. ‘முதல் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் போட்டது’ என்று எல்லா சுற்றுலாக் கையேடும் சொல்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: முதல் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனோடு சேர்ந்து அல்லவா சண்டை போட்டது? கூட்டாளியைப் பிடித்து வந்து யாராவது பாத்தி கட்டச் சொல்வார்களா? வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரில். கையேடு எழுதுகிறவர்கள் கவனிக்கட்டும்.

இனி வருவதுதான் இந்த நடையின் உச்சம். மேல் தளத்தில் நின்று எதிர் மலையைப் பாருங்கள். நெட்டையாக, வெள்ளைத் தண்டோடு நிற்பது கற்பூர மரம். ஜலதோஷம் என்றால் நாம் தேய்த்துக்கொள்கிற நீலகிரித் தைலம் அதன் இலையிலிருந்துதான் வருகிறது. அந்த மரத்துக்கும் நீலகிரிக்கும் 1843-க்கு முன் எந்த உறவும் கிடையாது, தெரியுமா? சொந்த ஊர் டாஸ்மேனியா! பக்கத்தில் குட்டையாக, சாம்பல் பச்சையில் அடர்ந்திருப்பது சீகை மரம். வாட்டில் என்பார்கள், அதுவும் ஆஸ்திரேலியாதான். 1840 வாக்கில் விறகுக்காகக் கொண்டுவந்தது.

இந்த வெள்ளிச் சீகையைப் பற்றி அந்தக் காலத்து வனத்துறைக் குறிப்பு ஒன்று உண்டு. முதல்முறை படித்தபோது நான் வாயைப் பிளந்தேன். 1845-இலிருந்து 1850 வரை இந்த மரங்கள் நீலகிரியில் அக்டோபரில் பூத்தன. நமக்கு ஐப்பசி, ஆஸ்திரேலியாவுக்கோ அது வசந்தம். ஊர் மாறியும் மரம் சொந்த ஊர் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது! 1860 வாக்கில் பூப்பு செப்டம்பருக்கு வந்தது. 1870-இல் ஆகஸ்ட். 1878-இல் ஜூலை. 1882-இல் ஜூன்! ஆஸ்திரேலியாவின் அக்டோபருக்கு ஒப்பான மாதம் இந்த மலையில் ஜூன் என்று கணக்குப் பார்த்தவர்கள், ஏறக்குறைய நாற்பது வருஷத்தில் மரம் தன் காலண்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதிக்கொண்டது என்று குறித்து வைத்தார்கள். விதை தலைமுறைகள் மாறியதா, அதே மரங்களே பழகிக்கொண்டனவா என்று இன்றைய தாவரவியலார் ஆயிரம் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கேட்கட்டும். எனக்கு அந்த ஐந்து மாதங்களின் வரிசை போதும்.

மரம் இந்த மண்ணுக்குப் பழகியதுதான் பிற்பாடு தலைவலியானது. சீகை பரவிப் பரவி புல்வெளிகளை விழுங்கிவிட்டது. இன்று நீதிமன்றம் வரை போய் அதை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புல்வெளிகள்தான் குறிஞ்சியின் வீடு. 12 வருஷம் வெறும் பச்சைப்புதராக நின்று, ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் ஒரே ஒருமுறை மலையெங்கும் நீலமாகப் பூத்து, விதைத்து, கூண்டோடு மடிந்துபோகிற செடி. 2018-இல் பூத்தது, அடுத்து 2030. எல்லாம் ஒரே நேரத்தில் பூத்தால் எத்தனை எலியும் பூச்சியும் வந்து விதையைத் தின்றாலும் மிச்சம் இருக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம் என்கிறார்கள்.

மெக்ஐவரை நடுவழியில் விட்டுவிட்டோம். பூங்கா போட்டவர் என்று மட்டும் அவரை நினைத்தால் பாதிக்கதைதான் தெரியும். பாட்டிமார் பெயர் சொல்லும்போதே முகம் சுளிப்பார்களே, அந்தக் கொய்னா! மலேரியாவுக்கு அப்போது உலகம் நம்பியிருந்த மருந்து. அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் காடுகளில் வளரும் சின்கோனா மரப் பட்டையிலிருந்து வந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெருவிலிருந்து கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்தார். 1860 ஐப்பசி வாக்கில் ஊட்டி வந்த முதல் தவணை பிழைக்கவில்லை. 1861-இல் ராபர்ட் கிராஸ் கூடவே காவல் இருந்து கொண்டுவந்த சிவப்புப்பட்டைச் சின்கோனா பிழைத்துக்கொண்டது. மெக்ஐவரின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழும்பின. நடுவட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு.

மெக்ஐவர் அதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அந்தக் காயத்தின் மேல் பாசியை வைத்துக் கட்டினார். ஈரப் பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. சோதித்துப் பார்த்தால் பழைய பட்டையைவிடப் புதுப்பட்டையில் மருந்துச் சத்து அதிகம்! மெக்ஐவர் 1876-இல் ஊட்டியிலேயே இறந்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

விட்ட குறை ஒன்று. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் என்ன தொடர்பு என்று தேடிக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸ், 1897-இல் லீவு போட்டு ஊட்டிக்கு வந்து, சீகூர் பள்ளத்தாக்கில் இறங்கி ஆராய்ச்சி செய்யப் போனவர், போன சில நாளிலேயே மலேரியாவில் படுத்தார்! கொய்னா விளையும் மலையின் அடிவாரத்திலேயே! அதே வருஷம் ஆகஸ்ட் 20-இல் செகந்திராபாத்தில் அவர் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தத் தேதிதான் இன்று உலகக் கொசு தினம்.

சின்கோனா, உருளைக்கிழங்கு இரண்டும் ஆண்டிஸ். பூங்காப் பாத்தியில் இருக்கிற டேலியாவும் செண்டுமல்லியும் மெக்சிகோ மலைநாடு. இவையெல்லாம் ஏன் ஊட்டியில் உடனே ஒட்டிக்கொண்டன? அவையும் நிலநடுக்கோட்டுப் பக்கத்து உயரங்களில் பிறந்தவை. வருஷம் முழுக்க ஒரே குளிர் என்பது அவற்றுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் இங்கே இங்கிலாந்தைத் தேடினார்கள். மண்ணோ பெருவை வைத்திருந்தது.

பூங்காவின் உச்சியில், எல்லாத் தோட்டமும் முடிகிற இடத்தில், தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து. அரைவட்டக் கூரை, தவழ்ந்து நுழைகிற வாசல். பூங்கா வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இந்தச் சரிவு அவர்களின் எருமை மேய்ச்சல் நிலம். சுற்றுலாப் பயணிகள் மந்துவை ‘பூங்காவுக்குள் இருக்கிறது’ என்கிறார்கள். மந்துவுக்குள் பூங்கா வந்தது என்றால்தான் கணக்கு சரி.

இறங்கும்போது ஒரு விஷயத்தைக் கூர்ந்து பாருங்கள், மே மாத மலர்க்காட்சிக் கூட்டத்துக்குக் கிடைக்காத காட்சி இது. (அந்த மலர்க்காட்சி ஆரம்பித்தது 1896-இல். நூறாவது காட்சியின் நினைவாக 1995-இல் வைத்ததுதான் ரோஜாப் பூங்கா.) ஐப்பசி கடைசியில் நீர்ப்பனி விழ ஆரம்பிக்கும். அதைத் தொடர்ந்து உறைபனி. புல்வெளி விடிகாலையில் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். பனி அதிகம் எங்கே விழும் தெரியுமா? மேலே அல்ல, கீழே! மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுப் பகுதி பச்சையாக இருப்பது இதனால்தான்.

பூங்கா ஊழியர்கள் இதற்கு வைத்திருக்கிற வைத்தியம் இரண்டு. நட்ட நாற்றுகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து பந்தல்போல் கவிழ்த்து வைக்கிறார்கள். நிலத்துச் சூடு ஆகாயத்துக்கு ஓடாமல் அந்த மிலார் தடுக்கும். இடுக்கு வழியாக வெளிச்சமும் காற்றும் போகும். பிளாஸ்டிக் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற ஏற்பாடு. புல்வெளிக்கு வேறு வைத்தியம்: வெயில் ஏறுவதற்குள் ‘பாப்-அப்’ குழாய் தரையிலிருந்து தலையை நீட்டித் தண்ணீர் தெளிக்கும். குளிருக்கு மேலும் தண்ணீரா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் உறைபனியைவிடச் சூடு! பனிக்கட்டியை மெதுவாகக் கரைத்துவிடுகிறது. கரைக்காமல் விட்டு வெயில் சுள்ளென்று பட்டால் புல் கருகி மே மாதம் வரை திரும்பாது.

ஊட்டியிலிருந்து குன்னூருக்கு 18 கிலோமீட்டர்தான். பருவமழைக் கணக்கோ வேறு! ஊட்டிக்கு மேற்கே உள்ள அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழையின் செல்லப்பிள்ளை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அவற்றுக்குப் பெரிய மழை. ஆகவே குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குக் குடை கட்டாயம். 1874-இல் ஒரு பள்ளத்தாக்கின் இயற்கை வளைவை அப்படியே வைத்துக்கொண்டு, இருந்த சோலை மரங்களையும் விட்டுவைத்து அமைத்த தோட்டம் அது. எனக்கு ஊட்டியைவிட இதுதான் பிடிக்கும், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அங்கே உருத்திராட்ச மரம் இருக்கிறது. பழம் பார்த்திருக்கிறீர்களா? கண்ணைப் பறிக்கிற நீலம். சதையைப் பிதுக்கினால் உள்ளே கொட்டை, அதுதான் நாம் கழுத்தில் போடுகிற மணி. அந்தத் தோலை நசுக்கிச் சாறு எடுத்தால் நீலச் சாயம் வராது! ஏனென்றால் அந்தத் தோலில் நீலச் சாயமே இல்லை. தோலின் அடியில் உள்ள நுண்ணிய அடுக்குகள் வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. மயில் தோகையில் நடக்கிற அதே வித்தை. தாவர உலகில் இப்படிப்பட்ட நீலம் அபூர்வத்திலும் அபூர்வம்.

நிஜமான இலையுதிர்கால மரம் ஒன்றாவது வேண்டும் என்று இன்னும் அடம்பிடிப்பவர்களுக்குக் குன்னூர் பழப்பண்ணையில் ஒன்று உண்டு: பெர்சிமன். சீனா, ஜப்பான் பக்கத்து மரம். இலை நிறம் மாறும், உதிரும். மழைக்காலக் கடைசியில் பழம் தக்காளிபோல் ஆரஞ்சு நிறத்தில் கிளையில் தொங்கும். பார்த்ததும் வாங்கிக் கடித்துவிடாதீர்கள். காயாக இருந்தால் அதிலுள்ள டானின் நாக்கையும் அண்ணத்தையும் அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; கால் மணி நேரத்துக்கு வாய் பேசாது. கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று, ‘இது அழுகிப்போச்சே’ என்று தோன்றுகிற அளவுக்கு அமுங்கினால்தான் பழுத்தது. அப்போது ஸ்பூனால் எடுத்துத் தின்னலாம், தேனாக இனிக்கும். கெட்டியாக இருந்தால் வாழைப்பழத்தோடு சேர்த்து ஒரு பையில் மூடி வையுங்கள், நாலு நாளில் கனிந்துவிடும்.